கம்பத்தடி விசாரணை

யாழ்ப்பாணம் நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். சாட்சிக் கூண்டில் ஏறியவர் தமிழில் சொல்லும் பொய்யை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், நல்ல ஆங்கிலத்தில் நீதவானுக்குச் சொல்வது என் உத்தியோகம். பொய் சொல்கிறவன் எப்போது எச்சில் விழுங்குவான், எந்தப் பக்கம் பார்ப்பான் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்தது என் மூத்த மகள் துர்க்காவின் கல்யாணத்தோடு.

புலம்பெயர்ந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து துர்க்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, ஸ்காபரோவில் கேட்ட இடமெல்லாம் "தங்கமான பெடியன்" என்றார்கள். கோயிலில் கேட்டேன், வேலையிடத்தில் கேட்டேன், தங்கம் தங்கம் என்றே சொன்னார்கள். கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்துக்குள் என் மனைவி பாலேஸ்வரி, மகளின் மேற்கையில் நீலம் பாரித்துக் கிடந்ததைக் கண்டுவிட்டு வந்து அழுதாள். நான் நேரே போய் மருமகனைக் கேட்டேன்.

"உம்மடை கை அவளிலை பட்டதோ?"

"இல்லை மாமா. ஒருநாளும் படேல்லை."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். எச்சில் விழுங்கவில்லை. குரல் நடுங்கவில்லை. நான் நம்பி வீட்டுக்கு வந்தேன். அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் துர்க்கா ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அதற்குப் பிறகு அவள் எங்களோடுதான். கதவில் யாராவது பலமாகத் தட்டினால் இன்றைக்கும் அவளுக்குத் தோள் ஒருமுறை துள்ளும்.

இந்த நிலையில்தான் தொண்ணூற்று நாலாம் ஆண்டு இளையவள் நிலாணிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தவர் புனிதவதி அன்ரி. ஊரில் பாதிக் கல்யாணம் தன்னால்தான் நடந்தது என்று நம்புகிற மனுஷி. பெடியனின் பெயர் யசிந்தன். மட்டக்களப்புப் பக்கம். தாய் தகப்பன் இல்லை, அக்கா ஒருத்தி. மிசிசாகாவில், விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பகுதியில் வேலை. படத்தை பாலேஸ்வரி குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தாள். அந்தக் கிழமை நிலாணி குடித்த தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல.

"உனக்கு விருப்பமோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"நீங்கள் ஓம் எண்டால் எனக்கும் ஓம் அப்பா. இல்லையெண்டால் இல்லை," என்றாள்.

பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாள். அக்காவுக்கு நடந்ததைக் கண்ட பிள்ளை, வேறென்ன சொல்லும்? வாற ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில், இரண்டு பகுதியும் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திப்பது என்று புனிதவதி அன்ரி நாள் குறித்தார். மட்டக்களப்பு ஆட்களை எங்களுக்கு அதிகம் பழக்கமில்லை. யாரிடம் விசாரிப்பது என்று முழித்துக்கொண்டிருந்தபோது, என்னோடு தொழிற்சாலையில் வேலைசெய்யும் அமிர்தநாதர் அந்தப் பெடியன் குடியிருக்கும் கட்டடத்தில்தான் தானும் இருப்பதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, தேத்தண்ணி நேரத்தில் என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"சண்முகநாதண்ணை, சொல்லுறன் எண்டு குறை நினையாதையுங்கோ. உந்தப் பெடியன் ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் ஒரு பையோடை வெளிக்கிடுறான். பின்னேரம் முகம் வீங்கி வாறான். போனமாசம் சொண்டிலை தையல். லிஃப்ற்றுக்குள்ளை பாத்தனான், சேட்டிலை ரத்தம்."

"சனிக்கிழமையிலை ஓவர்ரைம் எண்டெல்லோ புனிதவதி சொன்னவ?"

"ஓவர்ரைம் செய்து ஆற்றையும் சொண்டு வெடிக்குமோ அண்ணை?"

அந்த நாட்களில் ஸ்காபரோவில் எங்கள் பெடியள் சிலர் கோஷ்டி கட்டிக்கொண்டு பொல்லும் வாளுமாகத் திரிந்தார்கள். பேப்பரில் வராத கிழமை இல்லை. இவனும் கை நீட்டுகிறவன்தான், அதுவும் கும்பலோடு நீட்டுகிறவன் என்று முடிவுகட்டினேன். ஆனால் பாலேஸ்வரிக்குச் சொல்லவில்லை. முன்பு ஊர்ச் சொல்லைக் கேட்டு ஒரு பிள்ளையைக் கொடுத்தேன். இப்போது ஊர்ச் சொல்லைக் கேட்டு ஒரு சம்பந்தத்தை முறிப்பதும் அதே வேலைதானே. இந்த முறை என் கண்ணால் பார்ப்பது என்று தீர்மானித்தேன். அவனுடைய கார் சனிக்கிழமைகளில் எந்தப் பூங்காவுக்குப் பக்கத்தில் நிற்கும் என்பதையும் அமிர்தநாதர் அறிந்து வைத்திருந்தார். அவருக்கு வேறு வேலையில்லை.

அன்றைக்குப் புரட்டாதிச் சனி. கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, வெள்ளைச் சேட்டு, வெள்ளைக் களிசான், நெற்றி நிறையத் திருநீறு, அந்தக் கோலத்தோடேயே பஸ் ஏறினேன். அமிர்தநாதர் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று பாலேஸ்வரிக்குச் சொல்லியிருந்தேன். வயிற்றில் விரதம், நெஞ்சில் நெருப்பு.

பூங்காவில் கிரிக்கெற் ஆடும் பெரிய வட்டத் திடல். அதில் கையில்லாத பனியனும் கட்டைக் களிசானுமாக ஒரு கூட்டம் வெள்ளைக்காரர். நடுவில் கறுப்பாக, உயரமாக, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்த அதே முகம். மறைந்து நிற்க ஓரிடம் தேடினேன். திடலில் மரமொன்றும் இல்லை. ஒரு பக்கத்தில் நாலு கம்பங்கள் வரிசையாக நட்டிருந்தன, நடுவில் இரண்டு நெட்டை, கரையில் இரண்டு கட்டை. நெட்டைக் கம்பம் ஒன்றுக்குப் பின்னால் போய் நின்றேன். என் வண்டி வயிற்றில் பாதியைக்கூட அது மறைக்கவில்லை.

அதற்குள் ஒரு பெண் என்னை நோக்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். செம்பட்டைத் தலைமயிர், திடலின் மறுபக்கத்துக்கும் கேட்கும் குரல். பெயர் பேர்ணடெற் என்றும், அவுஸ்திரேலியா என்றும், இந்த ரீமை நடத்துவது தான்தான் என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். கடவுளே, நீங்களாவது வந்தீர்களே என்றாள். நான் வாயைத் திறக்க முன்னம் ஒரு வெள்ளைக் கோட்டை என் தோளில் மாட்டி, இரண்டு வெள்ளைக் கொடிகளைக் கையில் திணித்தாள். கோல் பார்க்கிற அம்பயர் மனைவிக்குப் பிள்ளைப்பேறு என்று ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டானாம். பதிலுக்கு ஓர் ஆளை அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்தார்களாம். வெள்ளை உடுப்போடு கம்பத்தடியில் விறைப்பாக நின்றவன் நான்தானே. அந்த ஆள் நான்தான் என்று அவள் முடிவெடுத்துவிட்டாள்.

நான் அவனில்லை என்று சொல்லலாம். சொன்னால், அப்படியென்றால் இங்கே ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்பாள். ஒளிந்து நிற்க வந்தவனுக்கு இதைவிட நல்ல ஒளிப்பிடம் கிடைக்குமா? தலையாட்டினேன்.

விதியை அவள் நின்ற நிலையிலேயே சொல்லித்தந்தாள். காலால் அடித்த பந்து இரண்டு நெட்டைக் கம்பங்களுக்கும் நடுவால் போனால் கோல், ஆறு புள்ளி. இரண்டு சுட்டுவிரலையும் நீட்டிக் காட்டிவிட்டு இரண்டு கொடியையும் ஆட்ட வேண்டும். நெட்டைக்கும் கட்டைக்கும் இடையால் போனால் ஒரு புள்ளி, ஒரு விரல், ஒரு கொடி. அடித்த பந்து போகும் வழியில் கம்பத்திலோ யாருடைய கையிலோ பட்டுவிட்டால், நடுவால் போனாலும் ஒரு புள்ளிதான். சொந்த ரீம் ஆளின் கை பட்டாலும் அப்படித்தான். இன்றைக்கு வருஷத்தின் கடைசி மாட்ச், கிண்ணம் இதில்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

விசில் ஊதியது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இது விளையாட்டு! பொல்லுமில்லை, வாளுமில்லை, கோஷ்டியுமில்லை. உதட்டில் தையலும் சேட்டில் ரத்தமும் இதனால்தான். அமிர்தநாதரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். கம்பத்தடியில் நின்றபடியே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன்.

அந்த நிம்மதி அதிக நேரம் நிலைக்கவில்லை. அவுஸ்திரேலியக் கால்பந்தாம், இப்படியொரு விளையாட்டை நான் கண்டதில்லை. பந்து பப்பாப்பழம் மாதிரி நீட்டு. அது நிலத்தில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்து விழுத்துகிறார்கள், தோளால் இடிக்கிறார்கள், முழங்காலை அடுத்தவன் முதுகில் ஊன்றி ஏறிப் பந்தைப் பிடிக்கிறார்கள். யசிந்தனும் சும்மா இல்லை. அவன் இடித்து விழுந்த ஒருவன் எழும்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. கிழமைக்குக் கிழமை இப்படி மோதிப் பழகியவனின் கை, வீட்டுக்குள் வந்தால் அடங்கிக் கிடக்குமா? துர்க்காவின் தோள் துள்ளுவது கண்முன் வந்தது.

ஒருதரம் அவன் என்னைக் கடந்து ஓடும்போது என் நெற்றியைக் கண்டுவிட்டான்.

"தமிழோ அங்கிள்? உங்களையும் பிடிச்சிட்டாவோ!" என்று சிரித்துக்கொண்டே போனான்.

பக்கம் மாறி மாறி ஆடினார்கள். இரண்டாம் கட்டத்தில் என் கண்ணுக்கு முன்னாலேயே, மற்ற ரீமின் ஒரு தடியன் முழங்கையை மடக்கி யசிந்தனின் கண்ணுக்குக் கீழே இறக்கினான். பந்து அங்கே இல்லவேயில்லை. பெடியன் சுருண்டு விழுந்தான். விசில்காரன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இந்த இடம்தான் எனக்கு வேண்டியது. இப்போது எழும்பி என்ன செய்கிறான் என்பதில் என் பிள்ளையின் சீவியம் இருக்கிறது.

எழும்பினான். கண்ணைத் தடவி விரலில் ரத்தத்தைப் பார்த்தான். தடியனை ஒருதரம் பார்த்தான். கை முஷ்டியாவதை நான் கண்டேன், பொய் சொல்லமாட்டேன். பிறகு முஷ்டி விரிந்தது. பந்து போன திசையில் ஓடத் தொடங்கிவிட்டான்.

எனக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதிக்கு என்னால் நம்பிக்கை வைக்க முடியவில்லை. ஆட்கள் பார்க்கிற இடத்தில் நல்லவனாக இருப்பது பெரிய வித்தையல்ல. என் மூத்த மருமகன் பூசைக்கு வந்தால் குருக்களுக்குப் பூத்தட்டம் ஏந்துவான்.

கடைசிக் கட்டத்தில் யசிந்தனின் ரீம் என் பக்கம் அடித்தது. வெயில் சரிந்து நேரே என் கண்ணுக்குள் விழுந்தது. அவர்கள் நாலு புள்ளி பின்னுக்கு நின்றார்கள். பேர்ணடெற் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். நேரம் முடிகிற தறுவாயில் அவர்களின் கப்டன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். பந்து உயர எழும்பி, நெட்டைக் கம்பங்களுக்கு நடுவாக இறங்கியது. கீழே நாலைந்து பேர் ஒன்றாக எழும்பினார்கள். எல்லோருக்கும் மேலே யசிந்தன். அவன் கை பந்துக்குப் போனதைக் கண்டேன். பட்டதோ, தப்பியதோ தெரியவில்லை. வெயில் கண்ணைப் பறித்துவிட்டது. பந்து என் தலைக்கு மேலால் போய் விழுந்தது. பெடியள் எல்லோரும் ஒரு குவியலாகச் சரிந்தார்கள். விசில் நீளமாக ஊதி ஆட்டம் முடிந்தது.

பந்து தானாகப் போயிருந்தால் ஆறு புள்ளி, கிண்ணம் இவர்களுக்கு. கை பட்டிருந்தால் ஒரு புள்ளி, தோல்வி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இவனுடைய ஆட்கள் துள்ளத் தொடங்கிவிட்டார்கள். மற்றவர்கள் தலையில் கை வைத்தார்கள். விசில் வைத்திருந்த நடு அம்பயர் ஓடிவந்து, தான் தூரத்தில் நின்றதால் தெரியவில்லை, நீர் என்ன கண்டீர் என்று கேட்டான்.

நான் ஒன்றும் காணவில்லை. குவியலுக்குள்ளிருந்து அப்போதுதான் யசிந்தன் எழும்பினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அவனை நேரே பார்த்து, யோசிக்காமல், என் வாயில் வந்தபடி தமிழில் கேட்டேன்.

"தம்பி, உம்மடை கை பட்டதோ?"

கேட்ட பிறகுதான் என் காதுக்கே அது விழுந்தது. இதே கேள்வியை நான் முன்பும் ஒருவனிடம் கேட்டிருக்கிறேன்.

அந்தத் திடலில் அவனையும் என்னையும் விட்டால் அது விளங்கிய ஆள் ஒருவருமில்லை. படவில்லை என்று அவன் தலையை அசைத்தால் போதும். நான் இரண்டு கொடியையும் ஆட்டியிருப்பேன். ஒரு குஞ்சுக்கும் தெரிந்திராது. அவனுடைய கப்டன் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்று சிரித்தான்.

யசிந்தன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஓம் அங்கிள். பட்டது," என்றான். "இந்த விரல் நுனியில."

பழைய பழக்கம் விடுமா? நடு அம்பயருக்குத் திரும்பி, நீதவானுக்குச் சொல்வதுபோல் நிமிர்ந்து நின்று, தன்னுடைய கை பந்தில் பட்டதாக இவர் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். பிறகு ஒரு விரலை நீட்டினேன். ஒரு கொடியை ஆட்டினேன். எத்தனையோ வருஷம் கூண்டில் நின்றவர்களின் வாயிலிருந்து நான் எதிர்பார்த்த ஒரு சொல்லை, கடைசியில் ஒரு புல்தரையில், சேறு பூசிய ஒரு பெடியன் சொல்லிவிட்டான். அழுகை வரும்போல் இருந்தது. கொடியால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கப்டன் அவனை அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னான், அதை நான் மொழிபெயர்க்க மாட்டேன். பிறகு ஒரு போத்தல் பியரைத் திறந்து யசிந்தனின் தலையில் ஊற்றினான். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணுக்குக் கீழே இடித்த தடியன்கூட வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். பேர்ணடெற் அழுதுகொண்டே என்னிடம் வந்து, அடுத்த வருஷமும் நீங்கள்தான் வரவேண்டும் என்றாள். அனுப்பப்பட்ட அம்பயர் வேறு திடலுக்குப் போய்விட்டான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரியவந்ததாம்.

ஓரத்தில் இறைச்சி சுட்டார்கள். யசிந்தன் ஒரு பாணுக்குள் சொசேஜ் ஒன்றை வைத்து எனக்கு நீட்டினான்.

"இண்டைக்குப் புரட்டாதிச் சனி தம்பி, நான் விரதம். நீர் பிடிக்கிறேல்லையோ?"

"இல்ல அங்கிள். பசி தாங்கமாட்டன்," என்று சொல்லிவிட்டு அதைத் தானே கடித்தான்.

இதையாவது ஒளித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பஸ்ஸிலயோ வந்தீங்க? ஏறுங்க, கொண்டுபோய் விடுறன்," என்றான். எந்த இடம் என்று கேட்டான். தெருவின் பெயரை மட்டும் சொன்னேன். எல்லாப் பேச்சும் புனிதவதி அன்ரி மூலம் என்பதால், அவனுக்கு எங்கள் வீடும் தெரியாது, என் முகமும் தெரியாது.

காரில் நான் கேட்கக் கேட்க அவன் சொல்லிக்கொண்டு வந்தான். ஊரில் பள்ளிக்கூடத்து வொலிபோல் ரீமில் ஆடியவனாம், அதனால் எழும்பிப் பாய்வது கைவந்தது. இங்கே வந்த புதிதில், கிரிக்கெற் ஆடும் தமிழ்ப் பெடியள் யாராவது இருப்பார்களா என்று பார்க்க அந்தத் திடலுக்குப் போயிருக்கிறான். அங்கே இவர்கள் நின்றிருக்கிறார்கள். அவனுக்கு மேலால் வந்த பந்தை ஒருவனின் தலைக்கு மேலே பாய்ந்து பிடித்துக் கொடுத்தானாம். பேர்ணடெற் விடவில்லை.

"முதல் மாசம், நான் பந்தோட ஓடினா ஏன் விழுத்துறாங்க என்டே எனக்குத் தெரியா அங்கிள். என்னில ஏதோ கோவமாக்கும் என்டு நினைச்சன். ரெண்டு வருஷம் விளையாட விடாம வெளி வாங்கிலதான் இருத்தி வச்சாங்க. தோள் எலும்பு ஒருக்கா முறிஞ்சது. போன வருஷம் ரீமில ஆகக் கூட கோல் அடிச்சது நான். வாற வருஷம் அவுஸ்திரேலியாவுக்கு ஒரு ரீம் போகுதாம், என்ட பேரையும் எடுத்திருக்காங்க. அக்காவுக்கு இன்னும் சொல்லல்ல."

"உதிலை அப்பிடி என்ன இருக்கு? உடம்பு முறியிறதுதானே மிச்சம்."

"வேலையில என்ன ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடுறல்ல. கை காட்டுவாங்க, போவன். இங்க பந்து மேல எழும்பினா பதினெட்டுப் பேரும் என்ட பேரத்தான் கத்துவாங்க."

"அவன் முழங்கையாலை அடிச்சவன். கோவம் வரேல்லையோ?"

"வந்தது. வந்தா ஓடுவன். ஓடினா போயிரும்."

சிவப்பு விளக்கில் கார் நின்றது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"படேல்லை எண்டு சொல்லியிருந்தால் கிண்ணம் உங்களுக்குத்தானே. ஒருத்தரும் காணேல்லை. ஏன் சொன்னீர்?"

அவன் என்னை விளங்காத பார்வை பார்த்தான். "நீங்க கேட்டீங்களே அங்கிள்."

அவ்வளவுதான். விளக்குப் பச்சையாக மாறிப் பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எத்தனையோ மாதமாக நெஞ்சில் ஏறியிருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தது மாதிரி இருந்தது.

எங்கள் தெருவுக்குத் திரும்பும்போது அவன் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தான். அது கத்தரிக்காய் நிறத்தில் மூடிக்கொண்டு வந்தது.

"ஒரு புத்தி சொல்லுங்க அங்கிள். நாளைக்குக் கோயில்ல பொம்பிள பாக்கப் போறன். இந்தக் கண்ணோட போனா அவவின்ட அப்பா என்ன நினைப்பார்? அக்கா வேற, சனிக்கிழம ஓவர்ரைம் என்டு சொல்லி வச்சிருக்கா, பயத்தில. நான் போய் இருந்த உடன உண்மையச் சொல்லிடப் போறன். அதுக்குப் பிறகு அவங்க வேணாம் என்டா வேணாம்தான். அந்தப் பிள்ளைட படத்தப் பாத்தாப் பிறகு அதுதான் கொஞ்சம் கவலை."

"இந்த வீட்டடியிலை நிப்பாட்டும்," என்றேன். "இறங்கி வாரும். கண்ணுக்கு ஐஸ் வைச்சிட்டுப் போகலாம்."

கதவைத் திறந்தது துர்க்கா. வெள்ளைக் கோட்டோடு நானும், ரத்தமும் சேறுமாக ஒரு தடித்த ஆம்பிளையும் வாசலில். அவள் தோள் துள்ளியது. ஓரடி பின்னுக்குப் போனாள். யசிந்தன் அதைக் கண்டுவிட்டான். படியால் இறங்கி, புல்லில் போய்த் தள்ளி நின்றான்.

"நான் வெளியிலயே நிக்கிறன் அங்கிள்," என்றான்.

துர்க்கா அவனையே பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "ஆரை அடிச்சவர் அப்பா?" என்று கேட்டாள்.

"அடிக்கேல்லை பிள்ளை. அடி வாங்கிப்போட்டு, திருப்பி அடிக்காமல் வந்தவன்."

அவள் கதவைத் திறந்தபடியே விட்டாள். பிறகு உள்ளே போய், உறைந்த பட்டாணிப் பை ஒன்றைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தாள். என்னிடம் தரவில்லை. படியால் இறங்கிப்போய்த் தன் கையாலேயே அவனிடம் கொடுத்தாள். "அமத்திப் பிடியுங்கோ. உள்ளுக்கு வாங்கோ, குளிருது," என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் வேற்று ஆம்பிளை ஒருவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். எனக்கு மேலே ஒரு விசாரணையும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு யசிந்தன் இன்னும் ஐந்து வருஷம் ஆடினான். அவுஸ்திரேலியாவுக்குப் போய், ஒரு மாட்சும் வெல்லாமல் சந்தோஷமாகத் திரும்பிவந்தான். முழங்கால் விட்டுப்போய் ஆட்டத்தை நிறுத்திய நாள்வரை கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டோடு நின்றது நான்தான். அவன் அடித்த பந்து கம்பத்தில் உரசினால் ஒரு விரல்தான் காட்டினேன், ஒருநாளும் கூட்டிக் காட்டியதில்லை. அதெல்லாம் பிறகு நடந்தவை.

அன்றைக்கு அவன் பட்டாணிப் பையைக் கண்ணில் வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் இருந்தான். குசினியிலிருந்து வந்த பாலேஸ்வரி என் கோட்டைக் கண்டு ஆஸ்பத்திரிக்கோ போனனீங்கள் என்று பதறினாள். சத்தம் கேட்டு நிலாணி மேலேயிருந்து இறங்கி வந்தாள். பாதிப் படியில் அவனைக் கண்டாள். அவனும் நல்ல கண்ணால் அவளைக் கண்டான். பட்டாணிப் பை மடியில் விழுந்தது. அவன் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். காரில் தான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"அங்கிள், நீங்க..." என்று எழும்பினான்.

நிலாணி படியில் நின்றபடி என்னைத்தான் பார்த்தாள். அவள் கேட்பது என்ன என்று எனக்குத் தெரியும்.

நான் கோட்டை இழுத்துச் சரிப்படுத்திக்கொண்டு நிமிர்ந்து நின்று, இரண்டு சுட்டுவிரலையும் நீட்டிக் காட்டினேன்.

"உது என்னப்பா?" என்றாள் நிலாணி.

அவளுக்கு விளக்கம் சொல்ல வாயெடுத்தவன் யசிந்தன்தான். பாவம், சொல்ல முடியாமல் அழுதுவிட்டான்.